கழிவுக் கொட்டகையின் சாவி

வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது பெரிய உபகாரம், மேடம். முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் பாஷை படியவில்லை. மீன் வாங்காத மனுஷனுக்கு எங்கேயிருந்து வங்காளம் வரும் என்று என் மனைவி வத்சலா கேலி செய்வாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பேன், பக்கத்து ஃபிளாட் போஸ் பாபுவிடம் பூஜா சந்தா பற்றி நாலு வார்த்தை பேசுவேன். அதற்கு மேல் போனால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். இன்றைக்கு அப்படி நிற்கக் கூடாது. இதை ஒரு தடவைதான் என்னால் சொல்ல முடியும். இரண்டாம் தடவைக்குத் தெம்பு இல்லை.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது அந்த நிலத்துக்காக. போன மாத வெயிலில், எங்கள் ஆலையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், ஷிபானி மாஷியின் டீக்கடைத் தரை பிளந்து கறுப்பாக ஏதோ கொப்பளித்து வந்தது. மாஷி தெரியாமல் அதில் காலை வைத்துவிட்டாள். கணுக்கால் வரை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அது என்ன பொருள், எப்படி அங்கே வந்தது, யார் கொட்டினார்கள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் இது பாதிதான் ஆகும்.

நான் ரங்கநாதன். வயது அறுபத்தொன்று. வீடு டாக்குரியாவில். ஹவுராவுக்கு அப்பால் இருக்கும் அந்த எண்ணெய் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

லாரியிலும் பஸ்ஸிலும் ஓடிக் கறுத்துப்போன பழைய என்ஜின் ஆயிலை வாங்கிச் சுத்தம் செய்து மறுபடி விற்பது எங்கள் தொழில். பழைய முறை. கந்தக அமிலத்தை ஊற்றிக் கலக்கினால் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் உட்காரும், மேலே எண்ணெய் தெளியும். அடியில் உட்காருவதை நாங்கள் ஆசிட் ஸ்லட்ஜ் என்போம். வேலையாட்கள் ஆல்காத்ரா என்பார்கள், தார் என்று அர்த்தம். பார்த்தால் தார்தான். தார் கையில் பட்டால் கறை படியும், இது பட்டால் தோல் உரியும். ஜனவரியில் கல் மாதிரி கிடக்கும். ஏப்ரலில் இளகி நகர ஆரம்பிக்கும். மேலே எவ்வளவு மண்ணைப் போட்டு மூடினாலும் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். மழை பெய்தால் அதிலிருந்து அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கீழே இறங்கும்.

ஆலைக்குள் ஒரு கொட்டகையில் பெரிய சிமெண்டுக் குழி இருக்கிறது. ஸ்லட்ஜ் முதலில் அங்கே சேரும். குழி நிறைந்ததும் லாரியில் ஏற்றி, அரசாங்கம் ஒதுக்கிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு படிவம் உண்டு. கீழே என் கையெழுத்து.

நான் சேர்ந்த பிறகு பல வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ரோடு அறுந்துபோய் மூன்று வாரம் லாரி போகவில்லை, குழி வழிந்தது. லாரிக் காண்டிராக்டர் சிவராஜ் நாமக்கல்காரர். என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“பின்னாடி அவ்ளோ பெரிய பள்ளம் சும்மாத்தானே சார் கெடக்குது. அதுல தள்ளி மேல சாம்பல அடிச்சுவுட்டா ஆச்சு. மொதலாளிகிட்ட பேசிட்டேன். நீங்க எப்பவும்போல ஃபாரத்துல சைன் மட்டும் போட்டுக் குடுங்க.”

நான் எதிர்த்துக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினேன். முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்து சந்தேஷ் இனிப்புக் கொடுத்து, ஒரு மழைக்காலம் மட்டும்தான் என்றார். மூன்றாவதும் எழுதினேன். அதைக் கொடுத்தேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முதல் பொய்ப் படிவம் வந்த அன்று, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லி மத்தியானம் வரை தள்ளிப்போட்டேன். ஐந்தாவது படிவத்தை டெலிபோனில் பேசிக்கொண்டே போட்டேன். அப்படி ஒன்பது வருஷம்.

பள்ளம் மேடானது. மேலே சாம்பல், சாம்பலுக்கு மேல் மண். மண்ணுக்கு மேல் புல்கூட முளைக்கவில்லை, ஆனால் ஜனங்கள் வந்துவிட்டார்கள். முதலில் இரண்டு தகரக் கூரை, பிறகு ஒரு குழாய்க் கிணறு, ஒரு கிளப், கேரம் போர்டு, ஷிபானி மாஷியின் டீக்கடை. மொத்தம் பதினொரு வீடு. அங்கே வந்து குடியிருக்கச் சொல்லி நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கோமதி.

கோமதி எங்கள் லேபில் கெமிஸ்ட். முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா திருநெல்வேலியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர், இங்கேயே இறந்துபோனார். அம்மாவோடு பெஹாலாவில் இருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்த பெண். கோபம் வந்தால் வங்காளம்தான் வரும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆலையில் தமிழ் பேச என்னை விட்டால் ஆள் இல்லை என்பதால் மத்தியானச் சாப்பாட்டை என் அறைக்கு எடுத்து வருவாள். நல்ல கெமிஸ்ட். ஒரே சோதனையை மூன்று தடவை செய்து பார்க்கிற ரகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின பூஜா முடிந்த வாரம், இரண்டு பாட்டிலில் தண்ணீரோடு வந்தாள்.

“சார், இத ஏக்டு பாருங்க. மாஷியோட கல்லுத் தண்ணி... குழாய்த் தண்ணி. டீக்குப் பால் ஊத்தினா திரிஞ்சு போகுதாம். துத் கேட்டே ஜாச்சேன்னு ஒரே அழுகை. பால்காரன மாத்திட்டா, பாத்திரம் மாத்திட்டா. அப்பவும் திரியுது.”

“பி.எச் பாத்தியா?”

“மூணு புள்ளி ஒன்பது.”

“மீட்டர் சரியா இருக்கா?”

“மூணு தடவ பாத்துட்டேன் சார். கிட்டத்தட்ட ஆரஞ்சு ஜூஸ்ல டீ போடுறா மாஷி.”

பார்க்கிறேன் என்றேன். அந்த வார்த்தையை நான் முதலாளியிடம் கற்றிருந்தேன். அவள் நம்பிப் போனாள்.

மறுநாளிலிருந்து மாஷி எங்கள் கேட்டுக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளக் கோமதி ஏற்பாடு செய்தாள். பிறகு அவளாகவே பதினொரு வீட்டுக்கும் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். ஒரு வீட்டில் குழந்தைகளுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் புண் என்றாள். இன்னொரு வீட்டில் அலுமினியப் பானையில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள். சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொல்வாள். எனக்குச் சாதம் இறங்காது. அவள் அதைக் கவனித்து, என் மனசு கேட்கவில்லை என்று புரிந்துகொண்டாள். அது முழுக்கத் தப்பும் இல்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. காலையில் பாபுகாட்டிலிருந்து ஹவுராவுக்கு ஃபெர்ரியில் போவோம், அவளும் நானும் பெரும்பாலும் ஒரே படகு. ஆற்றின் மேல் பனி இருந்தது. அவள் வேர்க்கடலை வாங்கிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன்.

“சார், ஒண்ணு கேக்கணும். ஃபார்ம்ல லாரி போனதா போட்டிருக்கிற தேதியெல்லாம் கேட் ரெஜிஸ்டர்ல பாத்தேன். அன்னிக்கு ஒரு லாரிகூட வெளிய போகல.”

நான் கடலையை மென்றுகொண்டிருந்தேன்.

“எல்லாத்துலயும் உங்க சைன் இருக்கு சார்.”

“தெரியும்.”

“உங்கள மாட்டிவிடணும்னு இல்ல. அந்த ஆஃபீஸ்ல உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். குழியிலேருந்து ஒரு பாட்டில் ஸ்லட்ஜ். மாஷி வீட்டுத் தண்ணியையும் அதையும் சேர்த்து வெளி லேபுக்கு அனுப்பினா ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்துடுவாங்க. அப்புறம் பொல்யூஷன் போர்டுக்கு லெட்டர். கொட்டகைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு. சனிக்கிழமை ஆள் கம்மியா இருப்பாங்க. குடுப்பீங்களா?”

சரி என்றேன். படகு ஹவுரா படித்துறையில் இடித்து நின்றது. அவள் என் சாப்பாட்டுப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

எனக்கு ஓய்வுக்கு நாலு மாதம் இருந்தது. நான் பயந்துபோய்ச் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். பயந்தவன் ஓடியிருப்பான், அல்லது அவள் காலில் விழுந்திருப்பான். எனக்கு இருந்தது அலுப்பு. விசாரணை வரும், ஒவ்வொரு படிவமாக எடுத்துக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்பார்கள். நூற்றுக்கணக்கான தடவை ஆமாம் சொல்ல வேண்டும். வத்சலாவிடம் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து கௌசிக் ஃபோன் பண்ணி, ஏம்ப்பா இப்படிப் பண்ணினே என்பான், அவனுக்கும் சொல்ல வேண்டும். போஸ் பாபு லிஃப்டில் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வார். இதையெல்லாம் நினைத்தபோது, நாள் முழுக்க நின்றவனை இன்னும் பத்து மாடி ஏறச் சொன்ன மாதிரி இருந்தது. வேண்டாம் என்று மட்டும்தான் தோன்றியது.

சனிக்கிழமை நடந்தது விபத்து அறிக்கையில் இருக்கிறது. பதினொன்றே கால் மணிக்கு லேப் கெமிஸ்ட் சாம்பிள் எடுப்பதற்காகக் கழிவுக் கொட்டகைக்குள் போனார். குழியிலிருந்து விஷவாயு வந்திருந்தது. மயங்கி விழுந்தார். காப்பாற்றப் போன பம்ப் ஆபரேட்டர் நிமாயும் விழுந்தார். இருவரும் இறந்தார்கள். வாயுவைக் காட்டும் மீட்டர் அன்று காலிபரேஷனுக்குப் போயிருந்தது துரதிர்ஷ்டம். கெமிஸ்ட் முகமூடி அணிந்திருந்தும் பயன்படவில்லை.

அறிக்கையில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு தொட்டி உண்டு. வேறு ஒரு இடத்துச் சுத்திகரிப்பில் மிஞ்சிய காரக் கழிவு அதில் இருந்தது. அமிலத்தைக் காரத்தால் அடக்கலாம் என்று யாரோ யோசனை சொல்லி, நான் சேர்ந்த புதிதில் சல்லிசாக வாங்கிப் போட்டார்கள். குழிக்குக் குழாய்கூட இழுத்துவிட்டார்கள். அந்தக் காரத்தில் கந்தகம் நிறைய இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும் என்று சொல்லித் தடுத்தது நான்தான். வால்வில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டதும் நான். அன்று முதலாளியே என்னைப் பாராட்டினார். அந்தப் பூட்டின் சாவி இருபது வருஷமாக என் மேஜையில் இருந்தது.

வியாழக்கிழமை மீட்டரை காலிபரேஷனுக்கு அனுப்பினேன். அதற்கு இன்னும் இரண்டு மாதம் தவணை இருந்தது. வெள்ளிக்கிழமை முகமூடியின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, தூசிக்குப் போடுகிற ஃபில்டரை மாட்டினேன். சனிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சங்கிலியை அவிழ்த்து வால்வைத் திறந்தேன். இறுகிப்போயிருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திருப்ப வேண்டியிருந்தது.

பிறகு அறைக்கு வந்து கை கழுவினேன். அவள் கண்ணாடிப் பாட்டிலோடு வந்தாள்.

“மீட்டர் எங்க சார்?”

“காலிபரேஷனுக்குப் போயிருக்கு. மாஸ்க் போட்டுக்கோ. ஃபில்டர் நேத்துதான் மாத்தினேன்.”

“தேங்க்ஸ் சார்.” பட்டையைத் தலைக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டே கேட்டாள்: “உள்ள நாத்தம் வந்தா வெளிய வந்துடணும், அவ்ளோதானே?”

“ஆமா. வந்துடு.”

அந்த வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே இருக்காது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற ஆள் இன்னும் இரண்டடி உள்ளே போவான். வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொல்லித்தருவது நான். அந்த வருஷ வகுப்பன்று அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் லீவில் இருந்தாள். வந்ததும் தனியாகச் சொல்லித்தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

சாவியைக் கொடுத்தேன்.

எடைமேடை நிழலில் நின்றுகொண்டேன். கொட்டகைக் கதவு அங்கிருந்து தெரியும். அவள் பூட்டைத் திறந்து, கதவை முழுக்கத் தள்ளி, காற்று போகட்டும் என்று ஒரு நிமிஷம் வெளியிலேயே நின்றாள். நல்ல கெமிஸ்ட் என்று சொன்னேனே. பிறகு உள்ளே போனாள். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அதிக நேரம் ஆகவில்லை.

நிமாயை நான் நினைக்கவே இல்லை. சனிக்கிழமை அவருக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. டியூட்டி முடிந்து மாஷி கடைக்குக் குறுக்கு வழியில் போயிருக்க வேண்டும். கதவு வழியாக அவளைப் பார்த்துவிட்டு, “திதி! கோமதிதி!” என்று கத்திக்கொண்டு ஓடினார். எனக்கும் அவருக்கும் நாற்பதடி தூரம் இருந்திருக்கும். போகாதே என்பதற்கு வங்காளத்தில் என்ன என்று எனக்குத் தெரியும். ஜேயோ நா. இரண்டே வார்த்தை. ஆனால் அவரைத் தடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதை யோசித்து முடிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நாலு பேர் ஓடி வந்தார்கள். அப்போது தடுக்கலாம், இரண்டு பேர் விழுந்து கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நான் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒருவன் என் சட்டையைப் பிடித்துக் கிழித்தான், அழுதான், திட்டினான். நான் உள்ளே விடவில்லை. தீயணைப்புக்கு ஃபோன் பண்ணச் சொல்லி அவர்களை கேட் பக்கம் விரட்டினேன். பிறகு பின்னால் போய் வால்வை மூடி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினேன். வண்டி வந்து, முதுகில் சிலிண்டர் கட்டிய இரண்டு பேர் உள்ளே போனபோது முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. கம்பெனி எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது, நாலு உயிரைக் காப்பாற்றியதற்காக. அந்த நாலு பேரும் இன்று உயிரோடுதான் இருக்கிறார்கள். நீங்கள் விசாரிக்கலாம்.

நிமாய்க்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஆலையிலேயே வேலை வாங்கிக் கொடுக்க நான்தான் அலைந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு பெஹாலா போனேன். கோமதியின் அம்மா விஜயலட்சுமி அதற்கு முன் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், ஆபரேஷன் ஆன கண்.

“உக்காருங்க சார். சாப்டுட்டுத்தான் போணும்.” நான் உட்கார்ந்ததும் கேட்டார்: “அவ மாஸ்க் போட்டிருந்தாளா?”

“போட்டிருந்தாம்மா.”

“நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்களாமே. ஆஃபீஸ்காரங்க சொன்னாங்க.”

“ஆமாம்மா.”

“எல்லாரையும் ஏதாவது கொறை சொல்லுவா சார் அவ. வாய்க்கு பயந்தே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. உங்கள மட்டும் ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல.”

வடை, பாயசத்தோடு இலை போட்டார்கள். சாப்பிட்டேன். கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“அவ பையில இருந்துச்சு. ஆஃபீஸ் காயிதம் போல. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கண்ணும் இன்னும் சரியில்ல. நீங்களே சேக்க வேண்டிய எடத்துல சேத்துடுங்க.”

டாக்குரியா ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். போர்டுக்கு எழுதிய கடிதம், தேதி மட்டும் போடவில்லை. பின்னால் பதினொரு வீட்டுத் தண்ணீரின் சோதனை முடிவுகள், அவள் கையெழுத்தில். அதற்குப் பின்னால் மூன்று பழைய கடிதங்களின் நகல். என்னுடையவை. மூன்றாவதையும் நான் கொடுத்துத்தான் இருந்திருக்கிறேன், முதலாளியின் அறையில் பெற்றுக்கொண்டதாக முத்திரை இருந்தது. எந்த அலமாரியிலிருந்து தோண்டி எடுத்தாளோ. கடைசிப் பத்தியில், பாதுகாப்பு அதிகாரி ஆரம்பத்திலேயே மூன்று முறை எழுத்தில் எதிர்த்திருக்கிறார், வற்புறுத்தலால்தான் கையெழுத்திட்டார், அவரைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் சாட்சியாக ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். என் வேலை போனாலும் பரவாயில்லை, அவருடைய ஓய்வூதியம் பாதிக்கப்படக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது.

இதை அவள் படகிலேயே காட்டியிருக்கலாம். அந்தப் புதன்கிழமை பையில் இருந்திருக்கும். கடலைப் பொட்டலத்தை எடுத்தவளுக்கு இதை எடுக்கத் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. எதிரே ஏரியில் துடுப்புப் படகுக்காரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

என் மூன்று கடிதங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றதைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆமாம், தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துத்தான். அந்தப் பதினொரு வீட்டுக்கும் அதற்குப் பிறகு சொல்ல யாரும் இல்லை. கோமதி போனதும் கேட் குழாயில் வெளியாட்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதில் என் கையெழுத்து இல்லை, ஆனால் நான் எதிர்க்கவும் இல்லை. பதினெட்டு மாதம் அந்தக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரையேதான் குடித்தார்கள். மாஷி பாலை விட்டுவிட்டாள். பால் இல்லாத லிக்கர் டீ மட்டும் விற்க ஆரம்பித்தாள். கடைசி நாள் வேலை முடிந்து மாலையோடு வெளியே வந்தபோது, கூப்பிட்டு ஒரு மண்குவளை நிறைய டீ கொடுத்தாள். சர்க்கரை எனக்கு ஆகாது என்று சொல்லி வாங்கவில்லை. சர்க்கரை இல்லாமல் போட்டுத் தருகிறேன் என்றாள். அப்போதும் வாங்கவில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகம் கேட்கிறது. யாராவது வந்து கேட்பார்கள் என்று பதினெட்டு மாதம் காத்திருந்தேன். காலிங் பெல் அடித்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் திறப்பேன். கேஸ் சிலிண்டர்காரனாக இருக்கும். காத்திருப்பதும் ஒரு வேலைதான், மேடம். நேற்று நீங்கள் மாஷியின் கால் ஃபோட்டோவை மேஜையில் வைத்துவிட்டு, இது உங்களுக்குத் தெரிந்த பொருளா என்று கேட்டீர்கள். தெரியும் என்றேன். ஒரு பதில் சொன்னதற்கே உடம்பு லேசான மாதிரி இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று லாக்கப் காவலர்கூடச் சொன்னார். அதனால் மீதியையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

என் மூன்று கடிதங்களும் வீட்டு அலமாரியில், வத்சலாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருக்கின்றன. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எடுக்கப் போகிறவர்களை மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். ஒன்பது வருஷப் படிவங்களில் இருப்பதும் என் கையெழுத்துதான். ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாஷியின் கடைக்குக் கீழே இருப்பது எங்கள் ஸ்லட்ஜ். கோமதியைக் கொன்றது நான். நிமாயைத் தடுக்காமல் சாகவிட்டதும் நான். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

போடுவதற்கு முன் ஒரு திருத்தம் மட்டும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எழுதிய விபத்து அறிக்கையின் நாலாம் பக்கத்தில், பாதுகாப்பு அதிகாரியின் கவனக்குறைவும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. அது என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், மேடம். என் கவனக்குறைவால் அந்த ஆலையில் ஒருவர்கூடச் செத்ததில்லை.